புதன்கிழமைத் தமிழ் வகுப்பு

என் மகள் படிக்கும் இடைநிலைப் பள்ளியின் முதல்வர் ஒவ்வொரு படிப்புத் தவணைக்கும் ஒரு தடவை பெற்றோருக்கு அறிக்கை அனுப்புவார். கைப்பேசியில், பெற்றோர் குழுவில் வந்து விழும். மாணவர் நலன், மாணவர் ஒழுக்கம், மாணவர்களுக்கான வாய்ப்புகள் என்று அதில் மூன்று பகுதி. பகுதிக்குப் பகுதி படங்கள். சிரிக்கிற பிள்ளைகள், கோப்பை தூக்கிய பிள்ளைகள், செடி நடுகிற பிள்ளைகள். அது வந்து சேர்ந்ததும் பெற்றோர்கள் வரிசையாகக் கை கூப்பும் பொம்மைகளையும் பூங்கொத்துகளையும் அதன் கீழே போட ஆரம்பிப்பார்கள். வேலை முடிந்து கெலுகோரில் உள்ள வீட்டுக்கு வந்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்காருகிற நேரத்தில் அதை வரி வரியாகப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நானும் ஒரு பூங்கொத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தின் முதல் தவணையில் வந்ததை மட்டும் ஒரு வரி விடாமல் படித்தேன். காரணம், அதில் என் மகள் இருந்தாள். பெயர் இல்லை, படமும் இல்லை, ஆனாலும் இருந்தாள்.

ஒழுக்கம் என்ற பகுதியில் ஒரு வரி. தேர்வு ஆண்டில் இருக்கும் முஸ்லிம் மாணவிகள் சிலர் சமயக் கல்விக்கான கூடுதல் வகுப்புக்கு வராமல் மட்டம் போடுகிறார்கள், இது வருத்தத்துக்குரியது, அவர்களுக்குத் தக்க ஆலோசனை வழங்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. அந்தச் சிலர் யார் என்று மகளிடம் கேட்டேன். அவள் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் ஒருத்திதாம்மா," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது எங்கள் வீட்டில் புதிய செய்தி இல்லை. அதற்கென்றே என் கணவர் தனியாக ஒரு தொண்டைச் செருமல் வைத்திருக்கிறார். அதையும் உடனே செருமினார். ஆனால் இந்தத் தடவை என் கோபம் நியாயமானது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். என் கணவருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாணய மாற்றுக் கடையில் வேலை. நான் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிவு செய்கிறேன். எங்கள் வீட்டில் சண்டையும் தமிழில்தான், சமாதானமும் தமிழில்தான். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். அங்கே முக்காடு போட்ட பிள்ளையும் திருநீறு பூசிய பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செய்யுள் ஒப்பித்தார்கள், யாரும் யாரையும் அதிசயமாகப் பார்க்கவில்லை. வெளியேதான் நாங்கள் அதிசயம். தலையில் தூடோங், அதாவது முக்காட்டுத் துணி, இருந்தால் இந்த ஊர்க் கண்ணுக்கு மலாய்க்காரிதான். பாசாரில் நான் தமிழில் விலை கேட்டால், பல வருடமாக எனக்கு மீன் விற்கும் தம்பி இன்னும், "அக்கா தமிழ் நல்லா பேசுறீங்களே," என்று பாராட்டுகிறான். நான் என்ன செய்வது, நன்றி சொல்லி மீனை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

என் மகளுக்குத் தமிழாசிரியர் ஆக வேண்டும். எங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு ஆசையை யாரும் கேள்விப்பட்டதில்லை. என் கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கியல் படித்தால் வங்கியில் உட்காரலாம், குளிர்சாதன அறை, தமிழ் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்றார். அவள் பதிலே சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருந்தே ஒரு காரியத்தைச் சாதிக்கிற குணம் அவளுக்கு அவள் அத்தாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டுமானால் பள்ளி இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதி நல்ல தேர்ச்சி பெற வேண்டும். எழுத வேண்டுமானால் பள்ளி அவளைத் தமிழுக்குப் பதிய வேண்டும். பதிய வேண்டுமானால் அவள் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில்தான் வந்தது வினை.

அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு புதன்கிழமை மதியம், பள்ளி முடிந்த பிறகு. அதற்கென்று அறை கிடையாது, சிற்றுண்டிச்சாலையின் கோடியில் இரண்டு மேசைகள். மேலே மின்விசிறி ஒன்று உண்டு, சுற்றினால் சுற்றும். தமிழாசிரியர் பாலிக் புலாவ் பக்கத்தில் உள்ள வேறொரு பள்ளியின் ஆசிரியர். வாரத்தில் அந்த ஒரு மதியம் மட்டும் மலை வளைவுகளில் கார் ஓட்டிக்கொண்டு வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். சரி, இருக்கட்டும். சீனப் பிள்ளைகளுக்கு மாண்டரின் வகுப்பு எப்போது? அதே புதன்கிழமை மதியம். முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சமயக் கல்விக் கூடுதல் வகுப்பு எப்போது? அதே புதன்கிழமை மதியம். அட்டவணை போட்டவர் நன்றாக யோசித்துத்தான் போட்டிருக்கிறார். மலாய்ப் பிள்ளை சமய வகுப்புக்குப் போகும், சீனப் பிள்ளை மாண்டரினுக்குப் போகும், இந்தியப் பிள்ளை தமிழுக்குப் போகும், ஒன்றோடு ஒன்று மோதாது. மோதுவதற்கு ஒரு பிள்ளை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தீவில் வளர்ந்தவர் யாருக்கும் அது தோன்றாமல் போகலாமா? நாணயம் மாற்ற எங்களிடம் வருகிறார்கள், துணி வாங்க எங்களிடம் வருகிறார்கள், சாப்பிட எங்களிடம் வருகிறார்கள். அட்டவணை போடும்போது மட்டும் நாங்கள் காணாமல் போய்விடுகிறோம்.

என் மகள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஒரு வாரம் சமய வகுப்பு, மறு வாரம் தமிழ் வகுப்பு என்று மாறி மாறி உட்கார்ந்தாள். எனக்கும் சொல்லவில்லை. சொன்னால் நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன் என்று பயம். தமிழாசிரியர் விட்டுப்போன பாடத்தைக் கைப்பேசியில் குரல் பதிவாக அனுப்புவாராம். சமய வகுப்பில் அவள் இல்லாத வாரங்களில் பெயருக்கு நேரே பொந்தேங் என்று எழுதினார்கள். மட்டம் போடுகிறவர்களுக்கு இந்த நாட்டில் வைத்திருக்கிற பெயர் அது. கடைத்தெருவில் சுற்றுகிற பிள்ளைக்கும் பொந்தேங், சிற்றுண்டிச்சாலைக் கோடியில் உட்கார்ந்து செய்யுளுக்குப் பொருள் எழுதுகிற பிள்ளைக்கும் பொந்தேங். ஒழுங்குப் புள்ளிகள் கழிந்தன. அப்படிக் கழிந்தால் பள்ளியை விட்டுப் போகும்போது தருகிற சான்றிதழில் நடத்தை பற்றிய வரியில் அது தெரியும். ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்தில் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தமிழை எழுதவும் வேண்டும், நல்ல பெயரும் வேண்டும். அந்தப் பள்ளியில் அவளுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்க வழியில்லாமல் போயிற்று.

அறிக்கையில் எழுதியிருந்தார்களே, தக்க ஆலோசனை, அது என்ன என்றும் அன்று கேட்டேன். கெஞ்சிக் கேட்டதும் சொன்னாள். மனநல ஆலோசனை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, பிஸ்கட் எல்லாம் கொடுத்து, மெதுவாகப் பேசியிருக்கிறார். வீட்டில் பிரச்சினையா என்று கேட்டாராம். தொழுகையில் மனம் ஈடுபடவில்லையா என்று கேட்டாராம். கடைசியில், அந்தத் தமிழ் வகுப்பில் இருக்கிற பையன்களில் யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்டாராம்.

என் பிள்ளை தமிழ் வகுப்பில் தமிழுக்காக உட்கார்ந்திருக்கலாம் என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பையன் இருந்தால்தான் கணக்கு சரியாக வருகிறது அவர்களுக்கு. அவள் அந்தக் கேள்விக்கு என்ன சொன்னாள் என்று கேட்டேன். "பிஸ்கட் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றாள்.

மறுநாள் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதல்வர் தமிழர். கத்தோலிக்கர். பெரிய பண்டிகைகளில் தேவாலய வாசலில் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மனத்துக்குள் ஒரு தெம்பு இருந்தது. நம் மொழிக்காரர், அதிலும் சிறுபான்மைக்குள் சிறுபான்மை, சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் என் தூடோங்கைப் பார்த்ததும் மலாயில் வரவேற்றார். நான் தமிழில் பதில் சொன்னேன். மறுபடியும் மலாயில் கேட்டார். மறுபடியும் தமிழில் சொன்னேன். அதற்கப்புறம்தான் தமிழுக்கு வந்தார், அதுவும் ஏதோ விருந்தாளிக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற மாதிரி.

ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு இருப்பதை அவர் மறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதுதான் என்னை இன்னும் கிளப்பியது. தெரிந்தே பொந்தேங் என்று எழுதவிட்டிருக்கிறார். தமிழ் வகுப்பை வேறு நாளுக்கு மாற்ற வழியில்லை, அந்த ஆசிரியரால் வேறு நாள் வர முடியாது என்றார். அப்படியானால் சமய வகுப்பை மாற்றலாமே என்றேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அத நான் போய்க் கேக்க முடியாதும்மா. நான் கிறிஸ்டியன். சென்சிடிவ் விஷயம்லா," என்றார்.

சென்சிடிவ் என்ற அந்தச் சொல்லை இந்த நாட்டில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். மதம், இனம் பற்றிய பேச்சில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அப்படியானால் நானே உஸ்தாஸாவிடம், அதாவது அந்தச் சமய ஆசிரியையிடம், பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தயவுசெய்து வேண்டாம், பிள்ளையின் பெயர்தான் கெட்டுப்போகும் என்றார். பிறகு அவருடைய தீர்வைச் சொன்னார். மிகவும் அன்பாகச் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பிள்ளைக்கு ஸ்ட்ரெஸ்மா. அவ நலனையும் பாக்கணும்ல. தமிழ விட்டுட்டா பாரம் குறையும். உங்களுக்குத் தமிழ் எக்ஸ்ட்ராதானே?"

"ஞாயித்துக்கிழமை நீங்க தமிழ்ப் பூசைக்குத்தானே போறீங்க, டீச்சர்? அது எக்ஸ்ட்ராவா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. அது வேறு என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை. தேர்வுக்கான பாடப் பதிவு அடுத்த வாரம் முடிகிறது, அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள், பதியாமல் விட்டுவிட்டால் புதன்கிழமைப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும் என்றார். அட்டவணையை மாற்றுவதை விட என் பிள்ளையை மாற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு நலன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டில் என் கணவரும், பெரிய இடத்தோடு மோதினால் பிள்ளைக்குத்தான் கெடுதல், கொஞ்சம் பொறு என்றார். பொறுத்தேன். உஸ்தாஸாவிடம் போகவில்லை. அந்தச் சொல் என் வாயையும் கட்டிப்போட்டுவிட்டது. என்னைக் கேட்டால் அந்த அட்டவணையை விட மோசமானது அந்தச் சொல்தான். மகள் தமிழ்ப் புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். எனக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தாள். அவள் அழுதிருந்தால் கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தவணை அறிக்கையையே பெரிய திரையில் போட்டு முதல்வர் விளக்குவார். மண்டபத்தில் எல்லா இனத்துப் பெற்றோரும் இருந்தார்கள், ஆசிரியர்கள் ஒரு பக்கமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நலன் பகுதியில் அந்த மெத்தை நாற்காலியின் படம் வந்தது. நம் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் என்று முதல்வர் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த பிஸ்கட் ஞாபகம்தான் வந்தது. ஒழுக்கம் பகுதியில் அந்த வரி வந்தது. சமய வகுப்பைத் தவிர்க்கும் மாணவிகள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி உச்சுக்கொட்டிக்கொண்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாய்ப்புகள் வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் தன் தாய்மொழியைக் கற்கும் வாய்ப்பை நம் பள்ளி வழங்குகிறது என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேள்வி நேரம் வரட்டும் என்று கூடக் காத்திருக்கவில்லை. எழுந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு செருமல் கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று மலாயிலேயே பேசினேன். சமய வகுப்பைத் தவிர்க்கும் அந்த மாணவிகள் என்பது ஒரே ஒரு மாணவி, அவள் என் மகள் என்றேன். என் முன்னால் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். அவள் தாய்மொழி தமிழ், அதைக் கற்கும் வாய்ப்பை நீங்கள் எந்த நேரத்தில் வழங்குகிறீர்களோ அதே நேரத்தில்தான் சமய வகுப்பையும் வைத்திருக்கிறீர்கள், ஒரு பிள்ளை எப்படி இரண்டு இடத்தில் இருக்கும் என்று கேட்டேன். எங்களுக்கு மார்க்கம் பாதி, மொழி பாதி இல்லை, இரண்டும் முழுசாக வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கியது, ஆனால் அழப்போகிறேன் என்று நினைத்து யாரோ ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள்.

முதல்வர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இது நுட்பமான விஷயம், தனியாகப் பேசலாம் என்று ஆரம்பித்தார். அதற்குள் ஆசிரியர் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். உஸ்தாஸா. என் வயதுதான் இருக்கும். அவர் முதல்வரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் தமிழ் வகுப்பில் இருக்கிறாள் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றார். திங்கட்கிழமை மதியம் எனக்கு வேலை இல்லை, வகுப்பைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் என் மகளுக்கு மெத்தை நாற்காலி, பிஸ்கட், பொந்தேங், பையன் எல்லாம். ஒரே ஒரு கேள்வியை ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது ஆத்திரம்தான். முதல்வர் உடனே சமாளித்துக்கொண்டு, இதுதான் நம் பள்ளியின் ஒற்றுமை உணர்வு என்றார். அதற்கும் மண்டபம் கைதட்டியது. அந்த மண்டபம் எதற்கு வேண்டுமானாலும் கைதட்டும்.

கூட்டம் முடிந்ததும் உஸ்தாஸா என்னைத் தேடி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மகள் மார்க்கத்திலிருந்து விலகிப் போகிறாள் என்று எனக்குச் சொன்னார்கள், நான் ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படிச் சொன்னவர்கள் யார் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், நானும் மேலே கேட்கவில்லை.

தமிழுக்குப் பதிந்தார்கள். புத்தகங்கள் கீழ்த்தட்டிலிருந்து மேசைக்குத் திரும்பின. திங்கட்கிழமை சமய வகுப்பு, புதன்கிழமை தமிழ் வகுப்பு, இரண்டுக்கும் ஒழுங்காகப் போனாள். கழித்த புள்ளிகளை மட்டும் திருப்பித் தரவில்லை. நான் போய்க் கேட்டபோது, அது கணினியில் ஏறி மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி எடுக்க முடியாது என்றார் முதல்வர். ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இறக்கத் தெரியாதா என்றேன். மேலே எழுதிக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த தவணை அறிக்கை வந்தது. வாய்ப்புகள் பகுதியைத் திறந்தால் முதல் படமே என் மகள். சிற்றுண்டிச்சாலை மேசையில், வெள்ளைத் தூடோங்கும் கையில் தமிழ்ப் புத்தகமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல படம். நானே எடுத்திருந்தால் கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். தமிழ் மொழியின் மீது கொண்ட ஆர்வத்தால் அதைத் தேர்வுப் பாடமாக எடுத்துப் படிக்கும் மலாய் மாணவி, நம் பள்ளியின் நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று போட்டிருந்தது. அதன் கீழே பூங்கொத்துகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தன. ஒரு தமிழ்ப் பெற்றோர், "பாருங்கள், அவர்களே படிக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு என்ன கேடு?" என்று எழுதியிருந்தார்.

என் மகள் தன் தாய்மொழியைப் படிக்கப் பட்ட பாடெல்லாம் பட்டு முடித்த பிறகு, அது அவளுடைய தாய்மொழியே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நான் மறுபடியும் விடுப்பு எடுத்தேன். என் மேலாளர் இப்போதெல்லாம் காரணம் கேட்பதில்லை.

முதல்வரிடம், என் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இந்திய முஸ்லிம் என்று இருக்கிறது, உங்களுக்கும் தெரியும், தெரிந்துகொண்டே ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. களைத்துப் போயிருந்தார். ஒளிக்காமல் பேசினார்.

"மேல இருந்து நல்லிணக்கப் படம் கேக்குறாங்கம்மா. இந்தியப் பொண்ணு தமிழ் படிக்குதுன்னு போட்டா அது ஒரு நியூஸா? யாரு பாப்பாங்க, சொல்லுங்க."

அது ஒரு செய்தியா என்று அவர் என்னிடமே கேட்டார். ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ் படிக்க விடாமல் ஒரு தவணை முழுக்க அலைக்கழித்தார்களே, அதை விட என்ன செய்தி வேண்டும் என்று கேட்டேன். திருத்திப் போடச் சொன்னேன். திருத்தினால் மற்ற பெற்றோர் ஏன் என்று கேட்பார்கள், வேண்டுமானால் படத்தையே எடுத்துவிடுகிறேன் என்றார். எடுங்கள் என்றேன். பொய்யோடு என் பிள்ளை அங்கே சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் வீடு வந்து சேருவதற்குள் பழைய அறிக்கையை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார்கள். வாய்ப்புகள் பகுதியில் இப்போது இயந்திர மனிதப் போட்டியும் வலைப்பந்தும்தான் இருந்தன.

ஜெயித்துவிட்ட மிதப்பில் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, வாய்ப்புகளைத் தாண்டி மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஒழுக்கம் என்ற பகுதியில் நிறுத்தினாள். நான் அந்தப் பகுதியைப் படித்திருக்கவே இல்லை, படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் மற்றதை விட்டுவிட்டேன். கடந்த தவணையில் சமய வகுப்பைத் தவிர்த்துவந்த மாணவி, பள்ளியின் தொடர்ந்த ஆலோசனைக்குப் பிறகு திருந்தி, இப்போது தவறாமல் வகுப்புக்கு வருகிறார் என்று எழுதியிருந்தது.

"படத்த எடுக்கச் சொல்லிட்டீங்க," என்றாள். "இதுலதான்மா நான் இப்ப இருக்கேன்."

கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை திருந்திவிட்டாளாம். திருந்தும்படி அவள் என்ன தப்பு செய்தாள் என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.